பதினாறு கேமரா இருந்தும் அன்று இரவு ஏன் யாரும் எழுந்திருக்கவில்லை?

நீங்கள் கேட்டிருப்பது மூன்று கேள்வி. மோஷன் சென்சிடிவிட்டியை, அதாவது எவ்வளவு சின்ன அசைவுக்குக் கேமரா அலாரம் தர வேண்டும் என்ற அளவை, எந்த எண்ணில் வைப்பது, 22 இன்ச் மானிட்டருக்குப் பதிலாக 43 இன்ச் டிவி மாட்டினால் சரியாகுமா, இல்லை வாட்ச்மேனையே மாற்றிவிடலாமா. நீங்கள் சொன்ன விவரம் இவ்வளவு: காங்கேயம் பக்கத்தில் கொப்பரைக் களம், பின்னால் குடோன், 4 மெகாபிக்சலில் 16 கேமரா, அவற்றின் படத்தைப் பதிந்து வைக்கும் பெட்டியான என்விஆர் ஒன்று. ராத்திரிக்கு முந்நூறு நோட்டிஃபிகேஷன் போனுக்கு வந்தது. தொல்லை தாங்காமல் சென்சிடிவிட்டியை 20க்கு இறக்கினீர்கள். அப்புறம் நிம்மதியாக இருந்தது, போன மாதம் குடோன் பின்பக்கத்திலிருந்து ஆறு மூட்டை கொப்பரை போகும் வரை. ரெக்கார்டிங்கைத் திருப்பிப் பார்த்தால் இரண்டு பேர் வருவதும் போவதும் தெளிவாகவே இருக்கிறது. போனில் ஒன்றும் வரவில்லை. வாட்ச்மேன் மானிட்டருக்கு முன்னால்தான் உட்கார்ந்திருந்தார்.

அதனால் இந்த மூன்று கேள்விக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன்: கேமரா பார்த்தது, ஏன் எந்த மனிதருக்கும் தெரியவில்லை? பதினெட்டு வருடமாக மில்களிலும் குடோன்களிலும் கேமராவும் அலாரமும் மாட்டிவருகிறேன். இதே கேள்வியை வேறு வேறு வார்த்தையில் நிறைய பேர் கேட்டிருக்கிறார்கள். பதிவு செய்வது ஒரு வேலை, எழுப்புவது வேறொரு வேலை. உங்கள் இடத்தில் முதல் வேலைக்கு மட்டும்தான் செட்டிங் நடந்திருக்கிறது. இரண்டாவதை யாரும் தனியாக உட்கார்ந்து செய்யவில்லை.

சென்சிடிவிட்டி எண்ணை முதலில் பார்ப்போம். சாதாரண மோஷன் டிடெக்‌ஷனுக்கு மனிதன் என்றால் என்னவென்று தெரியாது. போன படத்துக்கும் இந்தப் படத்துக்கும் நடுவே எத்தனை புள்ளிகள் மாறின என்பது மட்டும்தான் அதன் கணக்கு. உங்கள் கேமரா 2.8 மில்லிமீட்டர் லென்ஸ் என்று எழுதியிருந்தீர்கள். அது பக்கவாட்டில் சுமார் 100 டிகிரி பார்க்கும். 40 மீட்டர் தள்ளி, களத்தின் அந்தக் கோடியில் அது பார்க்கும் அகலம் ஏறக்குறைய 95 மீட்டர். படத்தின் குறுக்கே இருப்பது 2560 பிக்சல். ஆக ஒரு மீட்டருக்கு 27 பிக்சல்தான் கிடைக்கும். அங்கே நிற்கும் ஆள் படத்தில் 45 பிக்சல் உயரம் இருப்பார், முழுப் படத்தில் சுமார் ஆறாயிரத்தில் ஒரு பங்கு. இப்போது லென்ஸுக்கு ஒரு சாண் தள்ளி, ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ள பூச்சி ஒன்று பறக்கிறது என்று வையுங்கள். அந்தத் தூரத்தில் அது ஏறக்குறைய 50 பிக்சல் இருக்கும். அதாவது கேமராவின் கண்ணுக்கு அந்தப் பூச்சி, உங்கள் குடோனுக்குப் பின்னால் வரும் திருடனைவிடப் பெரியது. போதாததற்கு கேமராவின் இன்ஃப்ராரெட் வெளிச்சம் பக்கத்தில் இருப்பதால் பூச்சி வெள்ளை வெளேரென்று மின்னும், ஆள் சாம்பல் நிறத்தில் மங்கலாக இருப்பார்.

இப்படி இருக்கும்போது சென்சிடிவிட்டியை இறக்கினால் முதலில் காணாமல் போவது ஆள்தான், பூச்சி இல்லை. உங்களுக்கு நடந்தது அதுவே. முந்நூறு குறைந்து நாற்பது ஆனது உண்மை. அந்த நாற்பதும் பூச்சியும் சிலந்தியும்தான். ஆகவே முதல் கேள்விக்கு என் பதில்: சரியான எண் என்று ஒன்று இல்லை, அந்த எண்ணைத் தேடிக்கொண்டு இருக்காதீர்கள்.

சிலந்தி பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். கேமராவின் வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும். மூடிக்குக் கீழே லென்ஸின் குறுக்கே ஒரே ஒரு இழை கட்டினால் போதும். காற்றில் அது ஆடும்போது ராத்திரி படத்தில் தடித்த வெள்ளைக் கயிறு ஒன்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வீசுவது போல இருக்கும். காலையில் போய்ப் பார்த்தால் கண்ணுக்கே தெரியாது, விரலால் தடவினால்தான் ஒட்டும். வாரம் ஒரு முறை உலர்ந்த மென்துணியால் கேமராவின் முகத்தைத் துடைக்க ஒரு ஆளை வையுங்கள். இதைவிடப் பலன் தருவது, ஆபத்தான மூன்று நான்கு இடங்களில் கேமராவின் சொந்த இன்ஃப்ராரெட்டை அணைத்துவிட்டு, இரண்டு மூன்று மீட்டர் தள்ளி ஒரு எல்இடி ஃபோகஸ் லைட் போடுவது. பூச்சிக் கூட்டம் அங்கே போய்விடும், படமும் கலராக வரும்.

உங்கள் ஊருக்கென்று இன்னொரு சங்கதி இருக்கிறது. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று. கொப்பரையை மூடிய தார்ப்பாய் படபடக்கும், தென்னை மட்டை ஆடும், கேமரா மாட்டிய இரும்புக் கம்பமே அதிரும். கம்பம் அதிர்ந்தால் படத்தில் இருக்கும் எல்லாப் புள்ளியும் மாறும். சாதாரண மோஷனுக்கு அது ஒரு பெரிய கூட்டமே ஓடுவது போலத்தான். கம்பத்துக்குத் தாங்குகம்பி கொடுங்கள், இல்லாவிட்டால் கேமராவைச் சுவருக்கு மாற்றுங்கள். இதை மென்பொருளில் சரிசெய்யப் பார்க்காதீர்கள்.

இனி அலாரம். எது அலாரம் என்பதற்கு ஆலைகளில் ஒரு தெளிவான வரையறை வைத்திருக்கிறார்கள்: ஒருவர் உடனே எழுந்து ஏதாவது செய்ய வேண்டியிருந்தால்தான் அது அலாரம். செய்ய ஒன்றும் இல்லையென்றால் அது வெறும் தகவல், பதிவில் கிடந்தால் போதும். இந்தப் பாடத்தை அவர்கள் சும்மா கற்றுக்கொள்ளவில்லை. 1994 ஜூலை 24 அன்று வேல்ஸில் மில்ஃபோர்ட் ஹேவனில் இருந்த டெக்சாகோ எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் வெடிவிபத்து நடந்தது. பிரிட்டிஷ் அரசின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பு விசாரித்தது. வெடிப்பதற்கு முந்தைய கடைசிப் பதினோரு நிமிடத்தில் இரண்டு ஆபரேட்டர்கள் முன்னால் 275 அலாரங்கள் அடித்திருந்தன. அதில் எது முக்கியம் என்று யாரால் பிரித்திருக்க முடியும்? அதற்குப் பிறகு 1999இல், ஆலைகளின் அலாரம் அமைப்புகளுக்கென்று ஈஈஎம்யுஏ 191 என்ற வழிகாட்டி வந்தது. சாதாரண நேரத்தில் ஒரு ஆபரேட்டருக்குப் பத்து நிமிடத்துக்கு ஒரு அலாரம் என்பதே தாங்கக்கூடிய அளவு என்கிறது அது. அதுவும் சம்பளம் வாங்கிக்கொண்டு அந்த வேலைக்கென்றே விழித்திருக்கும் ஆளுக்கு. நீங்கள் வீட்டில் தூங்குகிறீர்கள். தூங்குபவருக்கு ராத்திரிக்கு இரண்டு மூன்று தடவைக்கு மேல் போன் அடித்தால் ஒரே வாரத்தில் அவர் சைலன்ட்டில் போட்டுவிடுவார். இந்த இரண்டு மூன்று என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை, என் வாடிக்கையாளர்களிடம் பார்த்து நான் வைத்திருக்கும் கணக்கு.

எனக்கு இதைப் புரியவைத்தது ஒரு கழிவுப் பஞ்சு குடோன். ஊரும் பெயரும் வேண்டாம். பத்து வருடத்துக்கு முன்னால் நானே போட்டது. மோஷன் வந்தால் ஹூட்டர் அடிக்கும்படி இணைத்துக் கொடுத்தேன். வௌவால் பறந்தால் அடித்தது, லாரி விளக்கு சுவரில் பட்டால் அடித்தது. ஐந்து மாதம் கழித்துத் திருட்டு நடந்து, ஹூட்டர் கேட்கவில்லை என்று கூப்பிட்டார்கள். ஏணி போட்டு ஏறிப் பார்த்தால் ஹூட்டரின் வாய்க்குள் பழைய லுங்கித் துணி இறுக்கி அடைத்திருந்தது, மேலே பஞ்சுத் தூசி படிந்திருந்தது. அடைத்தவர் வாட்ச்மேன். முதலாளி அவர்மேல் பாய்ந்தார். நான்தான் அவருக்காகப் பேசினேன், ஏனென்றால் ராத்திரிக்கு இருபது தடவை பொய்யாகக் கத்தும் ஒரு பொருளை அவர் தலைக்கு மேல் மாட்டியவன் நான். அதனால் உங்கள் மூன்றாவது கேள்விக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன்: செட்டிங்கைச் சரிசெய்து ஒரு மாதம் பார்க்காமல் உங்கள் வாட்ச்மேனை நிறுத்தாதீர்கள். ஏன் என்று மானிட்டர் கணக்கு வரும்போது இன்னும் தெளிவாகும்.

செய்ய வேண்டியது இது. பதினாறு கேமராவும் பதியட்டும், இருபத்துநாலு மணி நேரமும். மோஷன் வந்தால் மட்டும் பதிவு என்று வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். ஒரு கேமராவுக்கு நொடிக்கு 2 மெகாபிட் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 21.6 ஜிபி, பதினாறுக்கும் சேர்த்து 346 ஜிபி. 8 டிபி ஹார்ட் டிஸ்க்கில் 23 நாள் நிற்கும். ஆனால் போனை அடிக்கும் உரிமை மூன்று அல்லது நான்கு கேமராவுக்கு மட்டும். உங்கள் வரைபடத்தைப் பார்த்தால் குடோன் ஷட்டர், குடோன் பின் சுவர், எடைமேடை அறை, மெயின் கேட் என்று நான் எடுப்பேன். களத்தைப் பார்க்கும் கேமராக்களுக்கு வேண்டாம், காற்றும் நாயும் தார்ப்பாயும் அங்கேதான் இருக்கின்றன. ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: ராத்திரி இரண்டு மணிக்கு இது அடித்தால் யார் எழுந்து எங்கே போவார்? பதில் இல்லையென்றால் அந்த அலாரம் வேண்டாம்.

அந்த நான்கிலும் சாதாரண மோஷனை அலாரத்திலிருந்து எடுத்துவிட்டு, லைன் கிராஸிங் அல்லது இன்ட்ரூஷன் வையுங்கள். டாஹுவா பிராண்டு வகை என்விஆர் பெட்டிகளில் லைன் கிராஸிங்குக்கு ட்ரிப்வயர் என்று பெயர். முதலாவது, நீங்கள் கீறும் கோட்டைத் தாண்டினால் அடிக்கும். இரண்டாவது, நீங்கள் வரையும் கட்டத்துக்குள் வந்து சொன்ன நொடிகள் இருந்தால் அடிக்கும். மனிதன், வாகனம் என்று பிரிக்கும் வசதி உங்கள் கேமராவில் இருந்தால் மனிதனை மட்டும் டிக் செய்யுங்கள். இந்த வேலையை கேமராவே செய்கிறதா, என்விஆர் செய்கிறதா என்று பாருங்கள். என்விஆர் செய்வதாக இருந்தால் பல மாடல்களில் நான்கு சேனலுக்கு, அதாவது நான்கு கேமராவுக்கு, மட்டும்தான் என்று வரம்பு வைத்திருப்பார்கள். ஐந்தாவது சேனலில் மெனு திறக்கும், டிக்கும் விழும், வேலை மட்டும் நடக்காது. அந்த வசதியே இல்லாத பழைய கேமராவாக இருந்தாலும் குறைந்தபட்ச அளவு என்ற இடத்தில் தூரத்து ஆளின் உயரத்துக்கு ஒரு சின்னப் பெட்டி வரைந்துவிட்டால் பாதித் தொல்லை போய்விடும்.

கோடு கீறுவதில்தான் நிறைய பேர் தவறு செய்கிறார்கள். சுவர் உச்சியில் கீறாதீர்கள். ஆள் கால் வைக்கும் தரையில் கீறுங்கள். படத்தின் ஓரத்தை ஒட்டியும் கீறக் கூடாது, ஏனென்றால் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஆளைச் சிறிது நேரம் பார்த்து, இது மனிதன் என்று முடிவு செய்த பிறகுதான் தாண்டியதைக் கேமரா கணக்கில் எடுக்கும். ஓரத்திலேயே கோடு இருந்தால், அடையாளம் காண்பதற்குள் ஆள் தாண்டி உள்ளே வந்திருப்பார். இன்ட்ரூஷன் நேரத்தை ஒரு நொடி, இரண்டு நொடி வைத்தால் போதும்.

அடுத்தது நேரம். எந்த நேரத்தில் அலாரம் வேலை செய்ய வேண்டும் என்று சொல்லும் ஆர்மிங் ஷெட்யூலில் கடைசி ஆள் போன பிறகு ஆரம்பித்து, களத்தைத் திறக்க ஆள் வரும் முன் முடியட்டும். ஒன்பதிலிருந்து ஐந்தரை வரை என்று வைத்துப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். அப்புறம் லிங்கேஜ் பக்கம். கண்டுபிடிப்பது ஒரு டிக், அதற்கு என்ன செய்ய வேண்டும் என்பது தனி டிக். ஹிக்விஷன் வகைப் பெட்டிகளில் நோட்டிஃபை சர்வைலன்ஸ் சென்டர் என்ற கட்டத்தில் டிக் இல்லையென்றால் போனுக்குப் போகாது. பெயரைப் பார்த்து, நம்மிடம் ஏது சென்டர் என்று பலர் அதை எடுத்துவிடுகிறார்கள். போனிலும் அந்தச் செயலிக்கு பேட்டரி சிக்கனம் என்ற கட்டுப்பாட்டை நீக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் ராத்திரி போன் தூங்கும்போது செயலியும் தூங்கிவிடும், காலையில் எல்லாம் மொத்தமாக வந்து விழும்.

இதுவரை சொன்னவற்றில் எனக்குச் சந்தேகம் கிடையாது. மனிதனை மட்டும் பிரிக்கும் வசதியை மட்டும் முழுசாக நம்பிவிடாதீர்கள். நின்று நடக்கும் ஆளை, நடுத்தரத் தூரத்தில், வெளிச்சத்தில் அது நன்றாகப் பிடிக்கும். தவழ்ந்து வருபவர், தலைக்கு மேல் சாக்கு போட்டுக் குனிந்து வருபவர், கனமழை, லென்ஸில் தூசி என்றால் விட்டுவிடும். சில நாள் தொங்கும் தார்ப்பாயை மனிதன் என்று சொல்லும். எத்தனை தடவைக்கு ஒன்று விடும் என்று உங்கள் களத்தைப் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது, விற்பவர் சொன்னாலும் நம்பாதீர்கள்.

அதனால்தான் குடோனுக்கு மட்டும் கேமராவை நம்பாமல் ஒரு சென்சார் போடச் சொல்கிறேன். ஷட்டருக்குக் காந்த சென்சார். ஒரு துண்டு ஷட்டரில், இன்னொன்று தரையில் அல்லது சட்டத்தில். ஷட்டர் தூக்கினால் தொடர்பு விடும், அவ்வளவுதான். அதற்குப் பூச்சியும் தெரியாது, காற்றும் தெரியாது. என்விஆரின் பின்பக்கம் அலாரம் இன் என்று சின்ன முனைகள் இருந்தால் நேராக அதில் கட்டலாம். ஒயரை என்சி முறையில் கட்டுங்கள், அதாவது ஷட்டர் மூடியிருக்கும்போது சுற்று மூடியிருக்கட்டும், மெனுவிலும் என்சி என்றே வையுங்கள். அப்போது யாராவது ஒயரை வெட்டினாலும் எலி கடித்தாலும் அலாரம் அடிக்கும். இதற்கு நேர்மாறாக, மூடியிருக்கும்போது சுற்று திறந்திருக்கும் என்ஓ முறையில் கட்டினால் வெட்டிய ஒயர் வாயே திறக்காது. குடோனுக்குள் ஆள் நடமாட்டத்தை உடம்புச் சூட்டால் உணரும் பிஐஆர் சென்சார் வைப்பதானால், ஆள் அதன் முன்னால் குறுக்கே நடக்கும்படி வையுங்கள். நேராக அதை நோக்கி வந்தால் அது தாமதமாகத்தான் உணரும். பிஐஆர் உடம்புச் சூட்டுக்கும் சுற்றுப்புறச் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்ப்பது. சித்திரை, வைகாசியில் தகரக் கூரைக் குடோன் முன்னிரவில் உடம்புச் சூட்டுக்குப் பக்கத்தில் இருக்கும், அப்போது அதன் எட்டும் தூரம் குறையும். பெட்டியில் 12 மீட்டர் என்று போட்டிருந்தால் நான் 7, 8 மீட்டர் என்றே கணக்கு வைப்பேன்.

ஹூட்டரை என்விஆரின் அலாரம் அவுட்டில் நேரடியாகக் கட்டாதீர்கள். உள்ளே இருப்பது சின்ன ரிலே, அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச். கையேட்டில் போட்ட அளவைத் தாண்டினால் கருகிவிடும், 230 வோல்ட்டை அந்தப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. வெளியே ஒரு ரிலே வைத்து, ஹூட்டரை பேட்டரியிலிருந்து ஓட்டுங்கள். ஹூட்டர் ஷட்டர் சென்சாருக்கு மட்டும் அடிக்கட்டும், கேமராவுக்கு வேண்டாம். அக்கம்பக்கத்துக்காரர்கள் அந்தச் சத்தத்தை நம்ப வேண்டுமென்றால் அது அரிதாகத்தான் கேட்க வேண்டும்.

இனி மானிட்டர். உங்கள் 22 இன்ச் மானிட்டரின் அகலம் சுமார் 49 சென்டிமீட்டர், உயரம் 27. அதைப் பதினாறாகப் பிரித்தால் ஒரு கட்டத்தின் உயரம் ஏழு சென்டிமீட்டர்கூட இல்லை. நாம் மேலே கணக்குப் போட்ட அந்த 40 மீட்டர் ஆள் இந்தக் கட்டத்தில் எவ்வளவு உயரம் தெரியுமா? இரண்டு மில்லிமீட்டர். ஒரு எறும்பு. வாட்ச்மேன் அறையிலிருந்து அதைப் பார்க்கவில்லை என்பதற்காகத்தான் அவரை நிறுத்த நினைக்கிறீர்கள். 43 இன்ச் டிவி வாங்கினால் அந்த எறும்பு நான்கு மில்லிமீட்டர் ஆகும். இதே 22 இன்ச்சில் நான்கு கட்டம் மட்டும் வைத்தாலும் அதே நான்கு மில்லிமீட்டர் கிடைக்கும், காசு செலவில்லாமல். அலாரம் அடித்தவுடன் அந்த ஒரு கேமரா மட்டும் முழுத் திரைக்கு வந்தால், இதே மானிட்டரில் எட்டரை மில்லிமீட்டர். டிவியின் இரண்டு மடங்கு. இன்னொன்று, பதினாறு கட்டம் வைக்கும்போது என்விஆர் பெரும்பாலும் தரம் குறைந்த சப் ஸ்ட்ரீமைத்தான் காட்டும், முழுத் திரையில்தான் முழுத் தரமுள்ள மெயின் ஸ்ட்ரீம் வரும்.

அதனால் டிவியை வாங்க வேண்டாம். லிங்கேஜ் பக்கத்தில் ஃபுல் ஸ்கிரீன் மானிட்டரிங் என்று இருக்கும், அந்த நான்கு கேமராவுக்கும் அதை டிக் செய்யுங்கள். கூடவே ஆடிபிள் வார்னிங், பெட்டியே பீப் பீப் என்று கத்தும். எத்தனை நொடி திரையில் நிற்க வேண்டும் என்பது ட்வெல் டைம். பத்து நொடி போதாது, பீடி பற்றவைக்கத் திரும்பினால் தவறிவிடும். முப்பது நொடி வையுங்கள். எந்த மானிட்டரில் வர வேண்டும் என்று ஈவென்ட் அவுட்புட் கேட்கும். ஹெச்டிஎம்ஐ, விஜிஏ இரண்டும் தனித்தனியாகக் காட்டும் பெட்டியாக இருந்தால், சும்மா கிடக்கும் ஒரு பழைய மானிட்டரை விஜிஏவில் மாட்டி அதை அலாரத்துக்கு மட்டும் ஒதுக்கலாம். அது எப்போதும் இருட்டாக இருக்கட்டும். படம் வந்தால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். என் அனுபவத்தில் இதுதான் வாட்ச்மேன்களுக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. ஆனால் இரண்டு முனையிலும் ஒரே படம்தான் வரும் பெட்டிகளும் உண்டு, உங்களுடையது எது என்று மாட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஹெச்டிஎம்ஐ கேபிளைப் பத்துப் பன்னிரண்டு மீட்டருக்கு மேல் இழுக்காதீர்கள். அதற்கு மேல் என்றால் கேட் 6 என்ற நெட்வொர்க் ஒயரில், படத்தைத் தூரத்துக்குக் கொண்டுபோகும் எக்ஸ்டெண்டர் போடுங்கள்.

இன்னொரு விஷயம், ஒரு மனிதர் ராத்திரி முழுக்கத் திரையைப் பார்த்துக்கொண்டே இருக்க முடியும் என்ற எதிர்பார்ப்பே தப்பு. பிரிட்டிஷ் விமானப்படையின் ரேடார் ஆட்களுக்காக நார்மன் மேக்வொர்த் என்பவர் செய்த சோதனை 1948இல் வெளிவந்தது. கடிகார முள் போல ஒன்று தாவித்தாவிப் போகும், எப்போதாவது ஒரு தரம் இரட்டைத் தாவல் தாவும், அதைச் சொல்ல வேண்டும். முதல் அரை மணி நேரத்திலேயே ஆட்கள் தவறவிட ஆரம்பித்தார்கள். அவர்கள் பயிற்சி பெற்ற, உடல்நலமுள்ள, இளம் வயதுக்காரர்கள். உங்கள் வாட்ச்மேன் பகலிலும் வேறொரு வேலை பார்ப்பவர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவர் திரையைப் பார்ப்பதைவிட மணிக்கு ஒரு தரம் டார்ச்சோடு சுற்றி வரட்டும், திரை தேவைப்படும்போது அவரைக் கூப்பிடட்டும்.

முகம் தெரியவில்லை என்றும் வருத்தப்பட்டிருந்தீர்கள். ஐஈசி 62676-4 என்ற, கேமராக் கண்காணிப்புக்கான சர்வதேசத் தரத்தின் 2014 பதிப்பில் இதற்கு அளவு தந்திருந்தார்கள்: ஆள் இருக்கிறார் என்று தெரிய மீட்டருக்கு 25 பிக்சல், தெரிந்த ஆளைப் புரிந்துகொள்ள 125, தெரியாத ஆளின் முகத்தை அடையாளம் காண 250. உங்கள் லென்ஸில் 250 கிடைப்பது நாலு மீட்டர் தூரம் வரைதான். ஆகவே கேட்டுக்கும் குடோன் வாசலுக்கும் ஒவ்வொன்றாக, ஆள் கடந்தே ஆக வேண்டிய இடத்தில், தலை உயரத்துக்குச் சற்று மேலே குறுகிய பார்வையில் ஒரு கேமரா வையுங்கள். களத்தைப் பார்க்கும் கேமராவிடம் முகம் கேட்காதீர்கள். இடம் மாற்றும்போது களத்தில் வேலை செய்யும் பெண்கள் கை கால் கழுவி உடை மாற்றும் பக்கம் எந்தக் கேமராவும் திரும்பவில்லை என்று ஒரு தரம் பார்த்துவிடுங்கள்.

திருடனுக்கான அலாரத்தை எல்லோரும் கேட்கிறார்கள், பெட்டிக்கே உடம்பு சரியில்லாமல் போனால் சொல்லும் அலாரத்தை யாரும் வைப்பதில்லை. எக்ஸெப்ஷன் என்ற பக்கத்தில் ஹார்ட் டிஸ்க் பிழை, நெட்வொர்க் போனது, தவறான பாஸ்வேர்டு முயற்சி எல்லாம் இருக்கும். படம் வராமல் போனால் சொல்லும் வீடியோ லாஸ், கேமராவை மூடினால் சொல்லும் டாம்பரிங் இரண்டும் ஒவ்வொரு கேமராவின் கீழே இருக்கும். எல்லாவற்றையும் டிக் செய்து பீப் சத்தமும் கொடுங்கள். இவை தினமும் அடிக்காது, அடித்தால் உண்மை. கரண்ட் போனால் என்ன ஆகும் என்றும் பாருங்கள். என்விஆருக்கும் கேமரா சுவிட்சுக்கும் யுபிஎஸ் கொடுத்திருக்கிறீர்கள், ஆனால் ஃபைபர் நெட் பெட்டி அலுவலக அறையில் சாதாரண பிளக்கில் இருக்கிறது என்று உங்கள் போட்டோவில் தெரிகிறது. கரண்ட் போன நிமிடமே உங்கள் போனுக்கு வரும் வழி அடைந்துவிடும், கேமரா மட்டும் பதிந்துகொண்டிருக்கும். அதற்கு ஒரு சின்ன யுபிஎஸ் போதும். மெயின் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு உள்ளே வருபவர்களும் உண்டு. கையில் காசு இருந்தால், சிம் கார்டு போட்டு நேரடியாக போன் கால் செய்யும் சின்ன அலாரம் பேனல் ஒன்றை ஷட்டர் சென்சாருக்குத் தனியாக வையுங்கள். நோட்டிஃபிகேஷனுக்கு எழுந்திருக்காதவர்கூட போன் அடித்தால் எழுந்திருப்பார்.

நேரத்தையும் சரிபாருங்கள். இந்தப் பெட்டிகள் பலவும் பெய்ஜிங் நேரத்தோடு, அதாவது கிரீன்விச் +8 என்று வரும். நமக்கு +5:30. நேரத்தை மட்டும் கையால் திருத்திவிட்டு மண்டலத்தை அப்படியே விட்டிருந்தால், இணையத்திலிருந்து நேரம் எடுக்கும் அன்று இரண்டரை மணி நேரம் தள்ளிப்போய்விடும். அலாரம் அட்டவணையும் அதோடு தள்ளிப்போகும், காவல் நிலையத்தில் கொடுக்கும் பதிவில் நேரமும் தப்பாக இருக்கும். உங்கள் ஆறு மூட்டை விஷயத்தில் புகார் கொடுத்திருப்பதாகச் சொன்னீர்கள். 23 நாளில் மேலெழுதப்படும் முன் அந்த ரெக்கார்டிங்கை இன்றே பென் டிரைவில் எடுத்து வையுங்கள். திரையை செல்போனில் படம் பிடித்து வைத்தால் போதாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதிநியத்தின் 63ஆம் பிரிவுப்படி மின்னணுப் பதிவுக்கு ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும், அதில் கோப்பை யாரும் மாற்றவில்லை என்று சரிபார்க்க உதவும் ஹாஷ் மதிப்பும் கேட்கப்படும். அதைச் செய்யும் முறையை வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள், அது என் துறை இல்லை.

எல்லாம் முடித்த பிறகு இரண்டு ராத்திரி ஒதுக்குங்கள். முதல் ராத்திரி பதினொரு மணிக்கு மேல், விளக்கெல்லாம் வழக்கம்போல இருக்கும்போது, வீட்டு ஆள் ஒருவரைப் பின் சுவர் பக்கமாக நடக்கச் சொல்லுங்கள். முதலில் சாதாரணமாக, அப்புறம் குனிந்து, அப்புறம் தலையில் சாக்குப் போட்டுக்கொண்டு. வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டே செய்யுங்கள், இருட்டில் தெரியாமல் செய்தால் யாருக்காவது அடிபடும். நீங்கள் வீட்டில் போனோடு உட்கார்ந்து, எந்தெந்த நடைக்கு எத்தனை நொடியில் வந்தது என்று ஒரு தாளில் எழுதுங்கள். இரண்டாவது ராத்திரி மெயினை அணைத்துவிட்டு அதையே மறுபடி செய்யுங்கள். ஒரு வாரம் கழித்து அலாரம் லாக்கை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பூச்சி, நாய், ஆள், காற்று என்று குறித்து, அந்தத் தாளையும் சேர்த்து இங்கே போடுங்கள். எந்தக் கோட்டை எங்கே நகர்த்துவது என்று அதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.